முந்திக்கொண்ட பதில்

எனக்குத் திக்கும். வாயில்தான், எழுதும்போது திக்காது. இங்கே யாரும் குறுக்கே புக முடியாது என்ற தைரியத்தில்தான் என் மனைவியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் கையில் இது கிடைத்தால் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, மீதியைத் தானே எழுதி முடித்துவிடுவாள்.

அவளுக்கு உட்காரத் தெரியாது. பல் தேய்த்துக்கொண்டே துணி மடிப்பாள். லிஃப்ட் வர பத்து விநாடிக்கு மேல் ஆனால் படியில் இறங்கிவிடுவாள். நாங்கள் இருப்பதோ ஏழாவது மாடி. பால் பொங்கும்வரை பொறுமை கிடையாது, அதனால் எங்கள் வீட்டுக் காபி என்றைக்கும் வெதுவெதுப்புதான். பிறந்த வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். என்னிடம் வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. பேச்சை வெட்டுவதுகூட மரியாதையாகத்தான் வெட்டுவாள்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். வாய்க்கு வேலை இல்லை என்றுதான் அந்த வேலைக்கே போனேன். முதலாளி வெளியே போகும் நேரங்களில் மட்டும் முன்னால் வந்து நிற்க வேண்டும், அதுதான் வினை. "எ... எந்தக் கண்ணுக்கு..." என்று நான் தொடங்குவதற்குள் எதிரில் இருப்பவர் பதிலைச் சொல்லிவிடுவார். சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது என் உயிரெல்லாம் அந்தச் சொல்லில்தான் இருக்கும். அந்த நேரத்தில் வருகிற பதில் காதில் விழும், தலையில் ஏறாது. ஒருமுறை இப்படித்தான் வலது கண்ணுக்கான நம்பரை இடது கண்ணுக்குத் தேய்த்துக் கொடுத்ததில், ஒரு பெரியவர் படியில் தடுக்கி விழப் பார்த்தார். சனியன் பிடித்த அவசரம். கேட்டது நான்தான், பதிலும் வந்தது, ஆனால் அது எனக்கு வந்து சேரவே இல்லை.

அவளை அந்தக் கடையில்தான் பார்த்தேன். மைனஸ் எட்டு பவர். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா கதவா என்று தெரியாது. ஒரே மாதத்தில் ஆறு முறை ஃபிரேம் கோணிக்கொண்டது என்று வந்தாள். ஆறாவது முறை, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "உ... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க எ... எப்பவும்... எ..." என்று திணறிக்கொண்டிருந்தேன்.

"கல்யாணம்தானே? எனக்குச் சம்மதம். எங்க வீட்டுல நானே பேசிக்கிறேன்."

கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். நான் சொல்ல வந்தது அது இல்லை. என்ன சொல்ல வந்தேன் என்பதைப் பதினோரு வருஷமாக யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

அவளுடைய வேலையைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர்களுக்கு நடுவே தகவல் துண்டு துண்டாகப் போகும். ஒரு துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். கேள்வியோடு ஒரு பாக்கெட் வந்தால் சர்வர் அதை வாங்கி, பதிந்து, ஆபீஸில் ஃபைல் நகர்வது மாதிரி மேஜை மேஜையாக நகர்த்தி, பதில் எழுதித் திருப்பி அனுப்பும். அதற்கு எண்பது மைக்ரோ செகண்ட். ஒரு நொடியைப் பத்து லட்சமாக நறுக்கினால் அதில் ஒரு துண்டுதான் மைக்ரோ செகண்ட். அந்த எண்பதையே தாமதம் என்கிறவர்கள் அவள் ஆபீஸ்காரர்கள்! இவள் செய்கிற கார்டு உள்ளங்கை அகலம். சர்வரின் வாசலிலேயே நின்று, வந்த கேள்விக்கு அங்கேயே பதில் கொடுத்துத் திருப்பிவிடும். புரோகிராம் எழுதி ஓட்டுகிற சங்கதி இல்லை. சிப்புக்குள் இருக்கும் இணைப்புகளையே அந்த ஒரு வேலைக்காக மாற்றி அமைப்பது.

"யோசிக்கிற ஆளே அங்க கிடையாதுங்க. வந்துச்சா, போச்சா, அவ்வளவுதான். ரெண்டே மைக்ரோ செகண்ட்," என்பாள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிப்பில் ஒரு சின்னத் திருத்தம் செய்தாலும், எந்த இணைப்பு எந்த வழியாகப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் மறுபடியும் முதலிலிருந்து கணக்குப் போடும். அதற்கு ஒன்பது மணி நேரம். லிஃப்டுக்குக் காத்திருக்க மாட்டாத பெண், வாரத்தில் மூன்று நாள் ஒன்பது மணி நேரம் காத்திருக்கிறாள். அந்த நாட்களில் ஆபீஸ் தாழ்வாரத்தில் நடந்தே இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது.

இந்த வேலைக்கு அவள் ஏன் போனாள் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் ஊரில் இல்லாத ஒரு நாள் என் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. நான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. தெருப் பெயரின் முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிர்முனையில், "ஹலோ, விலாசம் சொல்லுங்க, ஹலோ" என்று கேட்டுக் கேட்டு, யாரோ விளையாடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் போனைப் பிடுங்கி மறுபடி அழைத்துப் பேசியதால்தான் அம்மா பிழைத்தாள். ஊர் திரும்பியவள் நேரே ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சண்டை போட்டாள். போன் வந்ததுமே அந்த நம்பரின் விலாசம் திரையில் தெரியத்தான் வேண்டும், ஆனால் மழை நாட்களில் வண்டிகளின் இருப்பிடத் தகவல் லட்சக்கணக்கில் வந்து சர்வரை அமுக்கிவிடுகிறது, விலாசம் வரவே இருபது விநாடி ஆகிறது என்றார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியதும் ஒரு மழை நாள்தான். நான்கு வருஷத்துக்கு முன் அந்த நெரிசலைத் தீர்க்கும் வேலைக்கு ஆள் எடுத்தபோது, நல்ல சம்பளத்தில் இருந்த இடத்தை உதறிவிட்டு இதில் சேர்ந்தாள். எனக்காகத்தான் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாதா என்ன!

விலாசம் கேட்டால் சர்வருக்கு முன்னால் நின்று பதில் சொல்லும் கார்டு தயாரானது. கட்டுப்பாட்டு அறையில் மூன்று வாரச் சோதனை. முதல் நாளே தகராறு. நாற்பது அழைப்புக்கு ஒன்றில் விலாசம் வரவில்லை. திரை மூன்று விநாடி வெறுமனே கிடக்கும், பிறகு, அழைப்பை எடுப்பவரின் மேஜையில் இருக்கும் மெஷின் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். மூன்று விநாடிதானே என்று நீங்கள் நினைக்கலாம். என் மாதிரி ஆள் போன் செய்தால் அந்த மூன்று விநாடியில் போனை வைத்துவிடுவார்கள். அவளுடைய ஆய்வகத்தில் லட்சம் முறை ஓட்டினாலும் இந்தக் கோளாறு தலைகாட்டவில்லை. கட்டுப்பாட்டு அறையில் மாட்டினால்தான் தலைகாட்டியது. திங்கட்கிழமை குழு கூடி முடிவெடுக்கும், தேறவில்லையென்றால் கார்டைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள், வேலையையே மூடிவிடுவார்கள். அவள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் 'பார்க்கலாம்'. அவரே இந்த முறை, "பார்க்க ஒண்ணும் இல்லம்மா" என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே பொரிந்தாள்.

"பதில் போகுதுங்க! ஒண்ணு விடாம போகுது. அந்த மேஜை மெஷினோட பதிவுலயும் வந்ததுன்னு இருக்கு. வந்ததை வாங்கிட்டு, 'கேட்காத பதில்'னு எழுதித் தூக்கிப் போடுது. கேட்டதே அதுதான்! கேட்டதுக்கு என்கிட்ட ஆதாரம் இருக்கு. பழைய மெஷின்தான், அதுக்காக இப்படியா? நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றது. கேட்டது அதுதான், பதிலும் வந்தது, ஆனால் அதற்குப் போய்ச் சேரவில்லை. அடப்பாவி, இது என் கதை அல்லவா?

"அ... அந்த மெஷினுக்கு..."

"வயசாயிடுச்சு, தெரியும். மாத்தக் காசில்லையாம்."

"இ... இல்ல. நீ ரொ... ரொம்ப..."

"ரொம்ப டென்ஷன் ஆகுறேன், அதானே? ஆகாம என்ன செய்யறது?"

"ப... பதில்..."

"பதில் போகுதுன்னுதானே தலையால அடிச்சுக்கறேன்!"

எழுதிக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். கட்டிய மனைவிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை என்று எனக்கு ஒரு வீம்பு. அவளிடமாவது வாயால்தான் பேச வேண்டும். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பதினோரு வருஷக் கோபம். வெங்காயக் கையோடு போய் அவள் மூக்கின் மேலிருந்து கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடி இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டாள். கண்ணாடி இல்லாவிட்டால் பேச்சும் நின்றுவிடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"க... கடையில ஆளுங்க எனக்குப் ப... பண்றதைத்தான் உன் கார்டு அந்த மெஷினுக்குப் பண்ணுது," என்றேன். எத்தனை இடத்தில் திக்கினேன் என்று எழுதினால் இந்தப் பக்கம் போதாது. "கேள்வியை அனுப்பிட்டு, அ... அதுக்கப்புறம்தான் 'நான் கேட்டிருக்கேன்'னு அது கு... குறிச்சுக்குதோ என்னவோ. பழைய சர்வர் மெ... மெதுவா சொன்னதால சரியாப் போச்சு. அது கு... குறிக்கிறதுக்கு முன்னாடியே நீ பதில் சொல்லிடற. யா... யாரு கேட்டா இதைன்னு தூக்கிப் போடுது. அது மேல தப்பில்ல. நீ கொஞ்சம் பொ... பொறுக்கணும்."

நான் பேசி முடிக்க ஒன்றரை நிமிஷம் ஆனதாகச் சுவர்க் கடிகாரம் சொன்னது. அவள் இமைக்காமல் என் குரல் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி, மிகச் சின்னக் குரலில், "கண்ணாடியைக் கொடுங்க" என்றாள்.

அப்புறம் புயல்தான். அந்தப் பழைய புரோகிராமின் வரிகளை வரவழைத்துப் பார்த்தாள். முதல் வரி 'அனுப்பு', அடுத்த வரி 'குறி'. ஆய்வகத்தில் இருந்த புது மெஷின் வேகமாகக் குறித்துக்கொண்டதால் இத்தனை நாள் பிடிபடவில்லை. மேஜைகளில் இருக்கும் புரோகிராமைத் திருத்த அனுமதி வாங்கவே ஆறு மாதம் ஆகும். கார்டுதான் இறங்கி வர வேண்டும்.

"அறுபது மைக்ரோ செகண்ட் சும்மா நிக்கிற மாதிரி போடறேன் சார்," என்று போனில் சொன்னாள்.

"நாலு வருஷமா வேகம் வேகம்னு சொல்லிட்டு இப்போ சும்மா நிக்கப் போகுதா?" என்றார் 'பார்க்கலாம்'.

"ஆமா சார். நெரிசல் இல்லாம ஒரே சீரா நிக்கும். நின்னாதான் சார் பதில் போய்ச் சேரும்."

காலை பத்து மணிக்குக் கணக்கை ஓட விட்டாள். ஒன்பது மணி நேரம். பீரோவை ஒழித்தாள், திரைச்சீலையைத் துவைத்தாள், ஏழு மாடியும் நான்கு முறை இறங்கி ஏறினாள். எனக்கோ ஒரே யோசனை. நான் சொன்னது தப்பாக இருந்தால்? ஒன்றும் தெரியாத லென்ஸ்காரன் பேச்சைக் கேட்டு நாலு வருஷ உழைப்பைக் கெடுத்துக்கொண்டாள் என்று ஆகிவிடுமே. மாலை ஏழு மணிக்குக் கணக்கு முடிந்ததும் கார்டில் ஏற்ற ஓடினாள்.

திங்கட்கிழமை மதியம் கடைக்கு வந்தாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆம், உட்கார்ந்தாள்.

"காலையிலேருந்து ரெண்டாயிரத்து நூறு அழைப்பு. ஒரு திரைகூட வெறுமையா நிக்கல. கையெழுத்துப் போட்டுட்டாங்க."

கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தேன். அவள் நாற்காலியை மேஜைப் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். இதே நாற்காலிதான். அன்னைக்கு நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

கேட்டுவிட்டுத் தானே கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கால் ஆடிக்கொண்டிருந்தது. விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டன. உதடு இரண்டு முறை திறந்து மூடியது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நீங்க எ... எ... எப்பவும் கண்ணாடியைத் த... தலை மேல ஏத்தி வைக்காதீங்க. ஃ... ஃபிரேம் விரிஞ்சு போகுது."

கால் ஆடுவது நின்றது. முகம் செத்துவிட்டது.

"அவ்வளவுதானா?"

"அ... அவ்வளவுதான்."

"அப்போ ஏன் மறுத்துச் சொல்லல? நான்பாட்டுக்கு உளறிட்டுப் போனேன். நீங்க கேக்கவே இல்லையே."

அவள் குரல் உடைந்திருந்தது. அவள் இப்போதும் குறுக்கே வரலாம் என்று ஒரு கணம் நிறுத்தினேன். வரவில்லை.

"ப... பதில் முதல்ல வந்துடுச்சு," என்றேன். "நான் அதைத் தூ... தூக்கிப் போடல. வெச்சுக்கிட்டேன். கே... கேள்வியை அப்புறமா குறிச்சுக்கிட்டேன்."

அவள் மேஜையில் கண்ணாடியைத் துழாவினாள். நான் எடுத்து மாட்டிவிட்டேன். ஃபிரேம் கோணலாகத்தான் இருந்தது.