சுண்ணாம்புப் பீப்பாய் மேல் ஆர்கிரோ

சிலுவைக் குறி போட்டுக்கொண்டு சுண்ணாம்புப் பீப்பாயின் மூடிமேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள் ஆர்கிரோ. தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கண்ணாடியை மாட்டி, குனிந்து தலையை ஆட்டி, அது நழுவவில்லை என்று காட்டும்வரை எழுந்திருக்க மாட்டாள். கடலில் முக்குளிக்கிறவர்கள் போடுகிற, மூக்கையும் சேர்த்து மூடும் ரப்பர் கண்ணாடிதான் அது. கோடையில் வந்து போகிறவர்கள் மணலில் மறந்துவிட்டுப் போனதையெல்லாம் பொறுக்கி, வினிகரில் கழுவி, வார் மாற்றித் தைத்து, ஒரு கூடையில் போட்டு வைத்திருக்கிறாள். இருபத்து மூன்று இருக்கின்றன.

எங்கள் தீவில் ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரத்தில் வெள்ளையடிக்காத வீடு கிடையாது. சுவர் பெரியவர்களுக்கு. படிக்கட்டுக் கற்களின் இடுக்கில் வெள்ளைக் கோடு இழுப்பது பிள்ளைகளுக்கு. குனிந்து செய்கிற வேலை. வாளிக்கும் முகத்துக்கும் ஒரு சாண்தான்.

ஆர்கிரோவின் தொழிலே வெள்ளையடிப்பதுதான். வயது அறுபத்தொன்று. இடது கண் பால்போல வெளுத்திருக்கும். ஏழு வயதில் இதே படிக்கட்டில் சுண்ணாம்பு தெறித்தது. யாராவது உச்சுக் கொட்டினால் அவளுக்குப் பிடிக்காது. "எனக்குப் பாதி ஈஸ்டர்தான் தெரியுது. இதுங்களுக்கு முழுசும் தெரியட்டும்" என்பாள். கண்ணைக் காக்கும் புனித பரஸ்கெவிக்கு நான் மெழுகுவர்த்தி ஏற்றினால், "ஏத்து, ஏத்து. ஆனா அந்தம்மாவுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல?" என்று சொல்லிக்கொண்டே வார்களை இழுத்துப் பார்ப்பாள்.

காப்பிக்கடை யாகுமிஸ் சும்மா இருக்க மாட்டான். "என்னக்கா, படிக்கட்டுல கணவாய் மீன் பிடிக்கப் போறீங்களா?"

"உன்னத்தான்டா பிடிக்கப் போறேன். தள்ளி நில்லு."

ஆனால் அந்தக் கேலி வேலை செய்தது. இந்த வருடம் பெரிய பையன்கள் நாலு பேர் வெட்கப்பட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள். யாகுமிஸின் மகள் கலியோப்பிக்கு எட்டு வயது. "அப்பா சிரிக்கிறாரு அத்தை" என்று அவளும் வாரில் கைவைத்தாள்.

"சிரிக்கட்டும். கண்ணாடி இல்லன்னா பிரஷ்ஷும் இல்ல."

புதன்கிழமை பீப்பாய் காலியாகிவிட்டது. நீற்றிய சுண்ணாம்பை மாதக்கணக்கில் ஊறவைத்தே எடுப்பவள் ஆர்கிரோ. யாகுமிஸுக்கோ கடைவாசல் பாதியில் நிற்கிறதே என்று அவசரம். நீறாத சுண்ணாம்புக் கற்களை வாளியில் கொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டான். சீறுகிற சத்தம் கேட்டுக் கலியோப்பி எட்டிப் பார்த்தாள். கொதித்த சுண்ணாம்பு மேலெழும்பி அவள் முகத்தில் அடித்தது.

பிள்ளையின் முகம் முழுக்க வெள்ளை. யாகுமிஸ் அலறிக்கொண்டு கண்ணாடியைப் பிடுங்கப் போனான். அவன் கையில் ஓங்கி ஒன்று போட்டாள் ஆர்கிரோ.

"தொடாத! இப்பக் கழட்டினா ஓரத்துல இருக்கிறது உள்ள வழியும். குழாயத் திற! கண்ண இறுக்கி மூடிக்கடி, தங்கம்!"

நெற்றி, கன்னம், தலைமுடி என்று தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆரம்பித்த ஜெபத்தை நான் பாதியில் மறந்துவிட்டேன். யாகுமிஸ் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். வெகுநேரம் கழித்துத்தான், பிள்ளையைக் குனியவைத்துக் கண்ணாடியைக் கழற்றினாள். கன்னமும் தாடையும் சிவந்திருந்தன. கண்ணைச் சுற்றி மட்டும் பொட்டுச் சுண்ணாம்பு இல்லை.

ஓடிவந்த நர்ஸ் விளக்கடித்துப் பார்த்தாள். கன்னத்துக்குக் களிம்பு போதும், கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றாள். ஆர்கிரோவுக்கு அது போதவில்லை. பிள்ளையின் ஒரு கண்ணைப் பொத்தினாள்.

"கீழ துறையில என்னடி தெரியுது?"

"அப்பா படகு. பேருல முதல் எழுத்து உரிஞ்சுபோச்சு. பெயிண்ட் அடிக்கச் சொல்லி எத்தன தடவ சொன்னேன்!"

மறு கண்ணைப் பொத்தினாள்.

"அதே படகுதான் அத்தை. மேல ஒரு பூனை தூங்குது. மீசைகூடத் தெரியுது!"

தெருவே கைதட்டியது. அந்த நாலு பையன்களும் வந்து ஆளுக்கொரு கண்ணாடி எடுத்தார்கள். ஐந்தாவதாகக் கூடைக்குள் கைவிட்டவன் யாகுமிஸ்.

ஆர்கிரோ அதையெல்லாம் பார்க்கவில்லை. கைகளைக் குழாயில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பாவாடையில் துடைத்தாள். பிறகு மண்டியிட்டு, கோவிலில் திருவுருவத்தை முத்தமிடுவதுபோல, கலியோப்பியின் வலது இமையிலும் இடது இமையிலும் முத்தமிட்டாள்.