ஏழாவது மாடியில் நின்றுபோன விளையாட்டு

அவள் லிஃப்ட் மெக்கானிக். பதினொரு ஆண்டுகளாக ஊரிலுள்ள உயரமான கட்டடங்களில் ஏறி இறங்கியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கம்ப்யூட்டரில் வீடியோ கேம் செய்வாள். அவள் முழுதாகச் செய்து முடித்த முதல் கேமும் லிஃப்டைப் பற்றியதுதான். ஒரே லிஃப்ட், பன்னிரண்டு மாடி, பொறுமையில்லாத ஜனங்கள். யாரை முதலில் ஏற்றுவது, யாரைக் காக்க வைப்பது என்பதுதான் ஆட்டம்.

டிவியில் மாட்டி ஆடும் கன்சோலில் அது வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆனால் கேம் செய்பவர்களுக்கென்று கன்சோல் கம்பெனி தனியாக ஒரு வகைக் கன்சோல் பெட்டி வைத்திருந்தது. பதிவு செய்த நிறுவனங்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் ஒரே வரியில் கையை விரித்துவிட்டார்கள்.

அவள் கேட்கத் தொடங்கிய மூன்றாம் வருடம் கம்பெனி மனம் மாறியது. கடையில் வாங்கிய சாதாரணக் கன்சோலிலேயே யார் வேண்டுமானாலும் கேம் செய்யலாம் என்று அறிவித்தது. செய்தியைப் படித்தபோது அவள் ஒரு மொட்டைமாடி மோட்டார் அறையில், கையெல்லாம் கிரீஸாக நின்றிருந்தாள். உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, நம்ம வீட்டுப் பெட்டியே போதுமாம்!”

“எது, நான் கார் ரேஸ் ஓட்டுற பெட்டியா? அதுல கைய வச்சுப் பாரு, தெரியும் சேதி.”

கை வைத்தாள். கம்ப்யூட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடிய கேம், கன்சோலில் ஏழாவது மாடிக்குப் போனதும் அசையாமல் நின்றுவிட்டது. நான்கு ஞாயிறுகள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் பிடிபட்டது. லிஃப்டை விட்டு இறங்கிப்போனவர்களின் படங்களையும் கேம் அழிக்காமல் சுமந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்தச் சின்னப் பெட்டிக்கு அவ்வளவு பாரம் தாங்கவில்லை. சுமையை இறக்கினாள். அக்கா சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பன்னிரண்டாம் மாடி வரை ஏறினாள்.

“அந்த வழுக்கைத் தலையன ஏத்தாம வந்துட்டேன்டி, என்னா திட்டு திட்டுறான்!”

கேமை ஒப்புதலுக்காகக் கம்பெனிக்கு அனுப்பினாள். திரும்பி வந்தது. ஆடும்போது கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலரின் பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் தானாக நிற்க வேண்டுமாம். அவளுக்குச் சுருக்கென்றது.

“நியாயம்தானே? நடுவுல பேட்டரி போனா என் ஜனங்க கதி என்னாவுறது?” என்றாள் அக்கா.

அதையும் சரிசெய்து மறுபடி அனுப்பினாள். ஒரு வியாழக்கிழமை கேம் வெளியானது. கன்சோலின் கடைப் பக்கத்தில், பெரிய பெரிய கம்பெனிகளின் கேம்களுக்கு நடுவே அவளுடைய சிவப்பு லிஃப்ட் நின்றது. முதல் வாரம் புள்ளிப் பட்டியலில் அக்காதான் முதலிடம். ஆடியவர்களே முப்பது பேர்தான்.

பத்தாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை அக்கா கத்திக் கூப்பிட்டாள். பட்டியலில் நாலாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். அக்கா அறுபத்து மூன்றாம் இடத்துக்கு இறங்கியிருந்தாள்.

“யாருடி இவங்கல்லாம்?”

“தெரியலக்கா. ஒருத்தரையும் தெரியல!”

ஷூவை ஒரு காலில் மாட்டியபடியே அவள் அக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.