பிழை இல்லாத நகல்

அலுவலகத்தில் அவருக்கு ‘ஒரிஜினல்’ என்று பெயர். மூலத்தோடு நகலை ஒப்பிட்டு முத்திரை குத்துகிற வேலை. ஒரு புள்ளி விடுபட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார். ஓய்வு பெற்றால் மட்டும் அந்தக் குணம் சும்மா இருக்குமா? வீட்டிலிருந்த பாட்டு சிடிக்களையெல்லாம் இம்மியும் குறையாத கோப்புகளாகக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்துவிட்டார். ஒலியை வெட்டிச் சுருக்குகிற எம்பித்ரீ என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பார்.

ஒரே ஒரு சிடி அவருக்குத் தண்ணி காட்டியது. மகள் கல்லூரி விழாவில் பாடியது அது. பாட்டு முடிந்ததும், “இது எங்க அம்மாவுக்கு” என்று மைக்கில் சொன்னதாக அவளே வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தாள். அந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். அதைப் போட்டுக் கேட்கிற தைரியம் பெற்றவர்கள் இருவருக்கும் வரவில்லை. இப்போது பார்த்தால், பாட்டு முடிகிற இடத்தில் கீறல். மென்பொருள் திரும்பத் திரும்பப் படித்து, ஒவ்வொரு முறையும் வேறு பிழைக் கணக்குச் சொன்னது.

மனைவிக்கோ காது மந்தமாகிக்கொண்டே வந்தது. நரம்பு பட்டுப்போகிறது, கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

“கரகரன்னு இருந்தா இருக்கட்டுங்க. ஒரு தடவ போடுங்க.”

“இன்னும் கீறல் விழுந்தா யார் பொறுப்பு? அவ குரலை அரைகுறையா கேக்கணுமா உனக்கு? பொறு.”

சிடியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சிடி படிக்கிற வேறு டிரைவ் வாங்கினார், பிறகு இன்னொன்று. அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல்கூடக் கிடந்தாள். மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை. அழைப்பு மணி அவளுக்குக் கேட்காமல் போனது. பிறகு அவர் கத்துவதும்.

பழைய சாமான் கடையில் பிடித்து வந்த டிரைவ் ஒன்று கடைசியில் அந்தக் கீறலைத் தாண்டியது. பிழை இல்லை என்று திரையில் வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, முழுச் சத்தமும் வைத்தார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “ஓடுதா?”

தலையாட்டினார். பாவி மனுஷனுக்கு அப்போதுதான் உறைத்தது. திரையில் ஒலி மேடும் பள்ளமுமாகக் கோடு கோடாக நகர்ந்துகொண்டிருந்தது.

“என்னைச் சொல்ற இடம் வந்தா காட்டுங்க.”

வந்தது. நிறுத்தி, அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அந்தச் சின்ன மேட்டின் மேல் அவள் விரலை வைத்துத் தடவினாள்.

“கை வைக்காத, ரேகை படிஞ்சிடும்,” என்றார், பழக்க தோஷத்தில்.

அவளுக்குக் கேட்கவில்லை. தடவிக்கொண்டே இருந்தாள்.