பொன்னுரங்கத்தின் மாவுக்கட்டு

காத்திவாக்கம் குப்பத்தில் பொன்னுரங்கத்தைப் பின்னால் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு முதுகு அவனுக்கு. கட்டுமரத்தில் மண்டியிட்டு அவன் துடுப்புப் போட்டால், கரையில் நிற்கிறவர்களுக்கு அந்த முதுகு மட்டும் தனியாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருப்பதுபோல் தெரியும். ஐம்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் அந்த முதுகுதான் முறிந்தது.

காற்று திரும்பிய ஒரு காலை. மீனோடு கரையேறிக்கொண்டிருந்த மரத்தைக் கடைசி அலை குறுக்கே புரட்டிப் போட்டது. கூட இருந்த மச்சினன் துரை தண்ணீரில் குதித்துத் தப்பினான். பொன்னுரங்கத்தின் மேல் மரம் ஏறி இறங்கியது. மணலில் குப்புறக் கிடந்தவன் எழுந்திருக்கப் பார்த்தான். கைகள் எழுந்தன, கால்கள் எழவில்லை. திரும்பிப் பார்த்து, "யாரு காலுடா இது?" என்று கேட்டானாம். துரை இதை யாரிடமாவது சொல்லும்போது முதலில் சிரிப்பான். பிறகு வேறு பக்கம் பார்ப்பான்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு துண்டு சீவி எடுத்து, நொறுங்கிய முதுகெலும்போடு சேர்த்து வைத்துத் தைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கால்களுக்கு உயிர் வந்தது. தடியை ஊன்றி நாலடி நடக்கிற அளவுக்குத் தேறியதும், அக்குளிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை கெட்டியாக மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பும்போது டாக்டர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "வெச்ச எலும்பு ஒட்டணும். அதுவரைக்கும் இந்தக் கட்டுதான் உனக்கு முதுகு. குனியக் கூடாது, உட்காரக் கூடாது, ஈரம் படக் கூடாது. எலும்பு நகர்ந்துதுன்னா கால் மறுபடியும் போயிடும். இன்னொரு தடவை திரும்ப வருமான்னு என்னால சொல்ல முடியாது."

பொன்னுரங்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் இருந்தவனுக்கு எது காதில் ஏறும்?

வலி என்றால் என்னவென்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கத்தினால் ஊசி போட ஆள் வந்தது. இங்கே கத்தினால் பக்கத்துக் குடிசைக் குழந்தை விழித்துக்கொண்டு அதுவும் கத்தியது. பலகையில் மல்லாந்து படுத்தால் முதுகின் நடுவில் யாரோ முளை அடிப்பதுபோல் இருக்கும். ஒருக்களித்தால் எலும்பு எடுத்த கால் கடுக்கும். நின்றால் கட்டு முழுவதும் இடுப்பில் உட்கார்ந்து அழுத்தும். படுப்பதற்கும் நிற்பதற்கும் நடுவில் மனிதனுக்கு வேறு என்ன நிலை இருக்கிறது? உட்காரவும் அவனுக்கு அனுமதி இல்லை.

பங்குனி வெயில் வந்ததும் கட்டுக்குள் வியர்த்தது. வியர்வை அரிப்பாகி, அரிப்பு எரிச்சலாகியது. துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி, அக்குள் வழியாக உள்ளே விட்டுச் சொறிந்துகொள்வான். குச்சி எட்டாத இடத்தில்தான் அரிப்பு அதிகமாக இருக்கும்.

ஆரம்பத்தில் கூட்டாளிகள் வந்தார்கள். "இன்னா ஆமை மாமு, ஓட்டை வுட்டு வெளிய வரவே மாட்டியா?" என்று கட்டைத் தட்டிப் பார்த்தார்கள். அவனும் சிரித்தான். அப்புறம் மரம் கட்டவும் வலை உலர்த்தவும் அவர்களுக்கு வேலை இருந்தது. வருவது குறைந்தது. அவன் சிரிப்பதும் குறைந்தது.

மனைவி கெங்கம்மா தினமும் காலையில் இறாலைக் கூடையில் எடுத்துக்கொண்டு டோல்கேட் வரைக்கும் போய் விற்றுவிட்டு வருவாள். போவதற்கு முன்னால் அவனுக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும். அதற்கு ஒரு சண்டை நடக்கும். ஒரு நாள் இப்படி நடந்தது.

"இந்தா, வாயத் தொற."

"வாணாம்."

"துன்னாம கெடந்தா எலும்பு எங்கேர்ந்துய்யா ஒட்டும்?"

"ஒட்டாட்டி போவட்டும். என்னைத் தூக்கிக்கினு போயி மொகத்துவாரத்துல போட்டுடு."

"தூக்கறதுக்கு நாலு ஆளு வேணும். உன் கட்டே ஒரு மூட்டை கீது."

வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பான். அன்றைக்குக் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். கெங்கம்மா சிந்தியதைத் துடைத்தாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். சும்மாட்டுத் துணியால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டதை அவன் படுத்தபடியே பார்த்தான். தான் இருப்பதைவிட இல்லாமல் போவதே இவளுக்கு நல்லது என்று அவன் நினைக்க ஆரம்பித்தது அந்தக் காலையில்தான்.

பக்கத்துக் குடிசை பூவம்மா உப்பங்கழியில் இறால் பிடிக்கப் புறப்பட்டவள், தலையை நீட்டிப் பார்த்தாள். வயதில் மூத்தவள். கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி, பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றை இரண்டு கையாலும் தடவி இறால் பிடிப்பதுதான் அவள் தொழில்.

"இன்னாடா, காலங்காத்தால கெங்கம்மாவை அழ வெச்சிட்டியா?"

"வலி உயிர் போவுதுக்கா. என்னால தாங்க முடியல."

"என் இடுப்பு மட்டும் இன்னா இரும்பா? கழியில எறங்கிக் குந்திட்டேன்னு வெச்சிக்க, வலி எந்தப் பக்கம் போச்சின்னே தெரியாது. உப்புத்தண்ணி உறிஞ்சிக்கும்டா. நீ தண்ணியப் பார்த்து எத்தினி மாசம் ஆவுது? அதான் ஒடம்பு ஏங்குது."

"எனக்குக் கட்டு கீதே."

"கட்டுக்கு இன்னா? சுண்ணாம்புதானே?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அந்த வார்த்தை அவனைப் பிடித்துக்கொண்டது. சுண்ணாம்பைப் பற்றி அவனுக்குத் தெரியாதா? கழியில் கிளிஞ்சல் வாரி, சூளைக்குச் சுமந்து வளர்ந்தவன். கிளிஞ்சல் சுண்ணாம்பில் சுவர் எழுப்பினால் விடாமல் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்ற ஊற்ற அது கல்லாக இறுகும். உப்புக்காற்றில் நிற்கிற பழைய சுவர்களில் ஆணி இறங்காது. அப்படியானால் இந்தக் கட்டும் தண்ணீர் பட்டால் இறுகத்தானே செய்யும்? ஈரம் கூடாது என்று டாக்டர் சொன்னது தையல் புண்ணுக்காக இருக்கும். புண்தான் ஆறிவிட்டதே. வலி அவனுக்காக யோசித்தது, அவன் ஒப்புக்கொண்டான்.

உச்சி வெயிலில் தடியை ஊன்றி எழுந்தான். கழி குடிசைக்குப் பின்னால்தான். ஆனாலும் தாழம்புதரைப் பிடித்து நின்று, கரையில் ஊன்றியிருந்த ஓடக்கோலைப் பிடித்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. தடியை விட்டுவிட்டு மெல்லப் பின்னால் சாய்ந்தான்.

வலி நின்றுவிட்டது.

குறைந்தது என்று சொல்லவில்லை, நின்றேவிட்டது. முதுகில் அடித்திருந்த முளையை யாரோ பிடுங்கி எறிந்ததுபோல் இருந்தது. உடம்புக்கு எடையே இல்லை. பொன்னுரங்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்தான். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. கெங்கம்மா வந்ததும் காலையில் நடந்ததற்கு அவளிடம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு அடிவயிறுவரை போனது. இத்தனை மாதமாக அப்படிப் போனதில்லை. அதையும் நன்மை என்றே எடுத்துக்கொண்டான். அரிப்பெடுத்த இடத்தைச் சொறியக் கையைக் கொண்டுபோனபோது, விரல் கட்டுக்குள் புதைந்தது. கெட்டியான சுவர் இருந்த இடத்தில் ஊறிய சோற்று உருண்டை இருந்தது. அவனைச் சுற்றித் தண்ணீர் வெள்ளையாகிக்கொண்டிருந்தது. துணிச்சுருள் ஒன்று தன்பாட்டுக்கு அவிழ்ந்து, நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது.

"இந்தக் கட்டுதான் உனக்கு முதுகு" என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது.

அவன் போட்ட கூச்சலில் பூவம்மா பறியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வந்த வேகத்தில் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். முதுகுக்குள் ஏதோ நறுக்கென்றது. அவன் அலறிய அலறலில் அவள் கையை விட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நான்தானேடா சொன்னேன்! பாழாப்போன வாயி!"

டோல்கேட்டிலிருந்து திரும்பிய கெங்கம்மா, சத்தம் கேட்டுக் காலிக் கூடையோடு கரைக்கு வந்தாள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கூடையை எறிந்துவிட்டுப் புடவையோடு இறங்கி, அவன் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள்.

"இன்னாய்யா பண்ணிக்கினே?"

"கல்லா இறுகும்னு நெனச்சேன்டி."

அவள் திட்டவில்லை. தண்ணீருக்கு அடியில் கையை விட்டு அவன் கால் விரலை அழுத்திக் கிள்ளினாள். "தெரிதா?"

"தெரிது."

பொய். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதைச் சொல்வது?

துரை வந்தான். "யாரும் தூக்காதீங்க! மாமாவைத் தண்ணியிலேயே வெச்சிருங்க!" என்று கத்திவிட்டுத் திரும்பி ஓடினான். கரையில் கிடந்த கட்டுமரத்தின் கயிற்றை அறுத்து, இரண்டு மரத்தைக் கழியில் தள்ளிக்கொண்டு வந்தான். அவற்றைப் பொன்னுரங்கத்தின் அடியில் மிதக்கவிட்டு, நெற்றி முதல் கணுக்கால்வரை வலைக்கயிற்றால் கட்டினான். பிறகு ஆறு பேர் சேர்ந்து மரத்தோடு தூக்கினார்கள். உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிப் புறப்பட்ட லாரியைக் கெங்கம்மா குறுக்கே நின்று மறித்தாள். டிரைவர் காஜா மொய்தீன் இறங்கிப் பார்த்தான். "மூட்டை மேல வைங்கப்பா, சொம்மா நிக்காதீங்க" என்று தானே ஒரு பக்கம் பிடித்தான். திருவொற்றியூர் ரோட்டில் பள்ளம் வந்த இடத்திலெல்லாம் வண்டியை மாட்டு வண்டி மாதிரி நகர்த்தினான். வழி நெடுக கெங்கம்மா கிள்ளிக்கொண்டே வந்தாள். வழி நெடுக அவன் "தெரிது" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மிச்சமிருந்த துணிக்கந்தலை விலக்கிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தவனுக்கு, அவர் திட்டாதது பயமாக இருந்தது. அவனை அசையாமல் படுக்கவைத்து, கண்ணைத் துண்டால் மறைத்தார்.

"ஊசியால குத்துவேன். எங்கேன்னு சொல்லு."

பொன்னுரங்கம் உடனே, "வலது காலு சார்" என்றான்.

"நான் இன்னும் குத்தவே இல்லை."

கதவோரத்தில் கெங்கம்மாவின் மூச்சு சத்தமாகக் கேட்டது. இவ்வளவு நேரமும் அவன் சொன்ன எல்லா "தெரிது"வும் அவளுக்கு இப்போது புரிந்திருக்கும்.

அதற்கு மேல் அவன் பொய் சொல்லவில்லை. இத்தனை மாதமும் போய்த் தொலை என்று கெஞ்சிய வலியை, இப்போது உடம்பெல்லாம் காதாக வைத்துக்கொண்டு தேடினான். ஆழத்தில் விட்ட தூண்டில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு காத்திருப்பதுபோல் காத்திருந்தான்.

"சொல்லு."

"இல்ல சார்."

"இப்போ?"

"இல்ல."

நேரம் போனது. எங்கோ வெகு தூரத்தில் வெடுக்கென்று ஒரு சின்ன வலி. ஆசையால் தோன்றுகிறதோ என்று சந்தேகப்பட்டுக் கொஞ்சம் பொறுத்தான். மறுபடியும் வந்தது.

"குதிகாலு சார். வலது பக்கம். வலிக்குது."

டாக்டர் அதே இடத்தில் இன்னொரு தடவை குத்தினார்.

"வலிக்குது சார்!"

"சரி. இப்போ இடது கால்."

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான். துண்டுக்கு அடியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். ஒன்றும் வரவில்லை.

"குத்திட்டீங்களா சார்?"

"குத்திட்டேன்."

"இன்னும் கொஞ்சம் அழுத்திக் குத்துங்க சார்," என்றான் பொன்னுரங்கம். "நான் தாங்கிக்குவேன்."