ஒரே நடை

வண்டி ஸ்டாண்டில் அவரை ‘ஒரே நடை’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். மினி வேனில் வீடு மாற்றிக் கொடுப்பது தொழில். “எந்த வீடா இருந்தாலும் ஒரே நடைதான். ரெண்டாவது நடை போனா கூலியே வேணாம்” என்று வாலிபத்தில் விட்ட சவடால் பெயராக ஒட்டிக்கொண்டது. அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அன்றைக்கு ஒரு குடும்பத்தின் சொத்தே இரண்டு பெட்டி, ஒரு அடுப்பு, நாலு பாத்திரம், சுருட்டிய பாய். எல்லாம் ஏற்றிய பிறகும் பிள்ளைகள் கால் நீட்டி உட்கார்ந்து வருவார்கள்.

பிறகு கட்டில் வந்தது, பீரோ வந்தது, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா, சுவரை அடைக்கும் டிவி என்று வந்துகொண்டே இருந்தது. புதுசாகக் கல்யாணமான ஜோடிக்கே இப்போது மூன்று நடை. சவடாலை அவர் எப்போதோ விட்டுவிட்டார், பெயர்தான் அவரை விடவில்லை.

அவருடைய அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். துவைத்த சட்டை காயும்வரை வெறும் உடம்போடு உட்கார்ந்திருப்பார், மாற்றுச் சட்டை கிடையாது. ஆனால் அந்தக் கூலியிலேயே இரண்டு அறை கட்டினார். “எலி வளையானாலும் தனி வளை வேணும்டா” என்பார். இவருடைய மகனும் மருமகளும் ஏசி அறையில் வேலை பார்த்தவர்கள். இரண்டு சம்பளம் வந்தும் சொந்தமாக ஒரு செங்கல் வாங்க முடியவில்லை. ஐந்து வருடத்தில் நாலு வாடகை வீடு. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான் என்பது பழங்கதை. இந்தப் பிள்ளைகளிடம் மெத்தையே இருந்தது, போட இடம்தான் இல்லை.

போன மாதம் மகனுக்கு வேலை போயிற்று. மருமகளுக்கு எட்டு மாதம். வீட்டுக்காரர் வாடகையை வேறு ஏற்றினார்.

“கொஞ்ச நாளைக்கு அங்க வந்து இருந்துக்கறோம்பா.”

“இதையெல்லாம் கேக்கணுமாடா? வா.”

மூன்று நடை அடித்தார். மகனுடைய டிவி பெரியது என்று தன் டிவியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். அவருடைய பீரோவும் கட்டிலும் இரும்பு விலைக்குப் போயின. அப்படியும் பற்றவில்லை. ஃபிரிட்ஜ் ஜன்னலை மறைத்தது. மகனின் கட்டிலைப் போட்டதும் உள்ளறைக் கதவு பாதிதான் திறந்தது. மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தாள்.

பழைய சாமான் வாங்குபவர் மகனுடைய சோபாவைத் தட்டிப் பார்த்தார். “வேணாம்ண்ணே. புதுசே மலிவா தர்றான். இது தூக்குற கூலிக்குக்கூடத் தேறாது.”

“ஃபிரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் தவணையே முடியலப்பா” என்று மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவருக்கு ஆத்திரமாக வந்தது. மகன் மேலா, அந்தச் சோபா மேலா என்று அவருக்கே விளங்கவில்லை.

மனைவிதான் முடிவைச் சொன்னாள். “பிள்ளத்தாச்சி எங்கயாவது இடிச்சுக்கிட்டா என்ன பண்றது? நாம வேற இடம் பாத்துக்கலாம்.”

மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு அறை கிடைத்தது. பிறந்ததிலிருந்து வாடகை கொடுத்தறியாத மனிதர் முன்பணம் எண்ணிக் கொடுத்தார். “கொஞ்ச நாள்தானேப்பா” என்றான் மகன். அவர் தலையாட்டினார். குழந்தை வந்தால் இன்னும் எத்தனை சாமான் வரும் என்பது அவருக்குத் தெரியாதா?

மறுநாள் காலை வண்டி ஸ்டாண்டைத் தாண்டும்போது ஒரு டிரைவர் கைகாட்டி நிறுத்தினார். பின்னால் எட்டிப் பார்த்தார். இரண்டு பெட்டி, அடுப்பு, நாலு பாத்திரம், சுருட்டிய பாய்.

“என்ன ஒரே நடை, யார் வீட்டுச் சாமான்? இவ்வளவுதானா, மீதி அடுத்த நடையா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சொன்னாள்:

“எங்க வீடுதான் தம்பி. ஒரே நடைதான்.”