இரண்டாவது குழாய்

எங்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் இன்று இரண்டு கம்ப்ரஸர்களில் ஒன்றை நிறுத்தினோம். சத்தம் பாதியாகும் என்று நம்பிய மேலாளர், மீட்டரில் மூன்று டெசிபல் மட்டும் குறைந்ததைப் பார்த்து விழித்தார். எனக்குப் பள்ளி நாட்களின் பெரியபாளையத்து ஆடி மாதம் நினைவுக்கு வந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

தெருவெங்கும் வேப்பிலையும் கூழும் மணக்க, எங்கள் வாசலில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் அலறின. மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை; மடக்கை, அதாவது லாக், படித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா, நைனா, போய்ச் சண்டை போட்டு ஒன்றைக் கழற்ற வைத்துவிட்டு வந்தார்.

"ஊடே அதிருது. பாதிகூட கொறையலியே, இன்னாம்மா இது?"

"டெசிபல்னா லாக்கு நைனா. சத்தத்த ரெண்டால வகுத்தா, லாக்க வகுக்கக் கூடாது, லாக் ரெண்ட கழிக்கணும். அது பாயிண்ட் மூணு. பத்தால பெருக்குனா மூணு. அவ்ளோதான் கொறையும்."

"இத நான் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா?"

அம்மா என் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துவிட்டுப் போனாள்.

இன்று மேலாளரிடம் நான் கணக்கு பேசவில்லை. பஞ்சை நீட்டினேன்.