டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வீடு துடியலூரில். நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்குச் சீட்டு, சிகரெட் என்று எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. நோட்டுப் பைத்தியம் மட்டும் உண்டு.

அதை ஆரம்பித்து வைத்தது கோட்டைமேட்டிலிருந்து துணி எடுக்க வரும் பாய்மார்கள்தான். எண்ணில் 786 வருகிற நோட்டு கல்லாவில் விழுந்தால் எடுத்து வைக்கச் சொல்வார்கள். வேறு நோட்டைக் கொடுத்து அதை வாங்கிப் போவார்கள். பெருநாள் வந்தால் எங்கள் வீட்டுக்குப் பிரியாணி வரும். அவர்களுக்காக எண்ணைப் பார்க்கத் தொடங்கியவர், கொஞ்ச நாளில் தனக்காகவும் பார்க்கத் தொடங்கிவிட்டார். எல்லா இலக்கமும் ஒன்றாக இருப்பது, திருப்பிப் படித்தாலும் அதே எண் வருவது, அச்சுப் பிசகியது என்று எதையும் விடமாட்டார். தன் பையிலிருந்து அதே தொகையைக் கல்லாவில் போட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொள்வார். முதலாளிக்கும் இது தெரியும். பாங்கில் கட்டுக்கட்டாகப் பின் அடித்துக் கொடுப்பதை என் வீட்டுக்காரர் திட்டாத நாள் இல்லை. ஓட்டை விழுந்த நோட்டை, சேர்க்கிறவர்கள் யாரும் மதிப்பதில்லையாம்.

இந்தக் கூத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. நோட்டின் எண் ஆறு இலக்கம். நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, வருஷத்துக்கு இரண்டு என்று பிரித்தால் ஒருவருடைய பிறந்த நாள் வந்துவிடும். எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்து மாறி மாறி வருவதால் ஒரே எண்ணில் பல நோட்டுகள் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். நம் கண்ணில் படுவதுதான் பாடு. எங்கள் பையனுடைய பிறந்த நாள் பத்து ரூபாயில் கிடைத்தது. முதலாளியுடையது கிடைத்தது. என் நாத்தனாரின் பிள்ளைகள் இரண்டு பேருடையதும் கிடைத்தது. எல்லாவற்றையும் ஆல்பத்தில் போட்டு, கீழே பெயர் எழுதி வைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் விரித்துக் காட்டுவார். அதில் கட்டிய பெண்டாட்டியுடையது மட்டும் இல்லை.

என் பிறந்த நாள் ஜூன் ஒன்று, அறுபத்து நாலு. பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் அப்படித்தான் இருக்கிறது. தேடச் சொல்லிக் கேட்டபோது சரி என்றார். பிறகு எப்போது ஞாபகப்படுத்தினாலும், வரும்போது வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். நாத்தனார் பிள்ளைகளுக்கு வந்தது எனக்கு வராதா? தைத்த கூலியாக வருகிற நோட்டுகளை நானே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். எனக்கு வாய்த்தது எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் கிழிசலும்தான்.

இந்த நிலைமையில்தான் மாடிக் கல்லாவுக்கு ஒருத்தி வந்து சேர்ந்தாள். குழந்தைகள் துணி விற்கிற மாடியில் அவளுக்கு வேலை. புருஷன் துபாயில் இருந்தார். அவள் வந்த பிறகு வீட்டில் சோறு சாப்பிடுகிற நேரமெல்லாம் அவள் கதைதான். அவளுக்குக் கழுகுக் கண் என்பார். கட்டைப் பிரிக்கிறபோதே எண் அவள் கண்ணில் மாட்டிவிடும் என்பார். எண் அச்சாகாமல் விட்டுப்போன இரண்டு ரூபாய் ஒன்றை, கள்ள நோட்டு என்று எல்லோரும் தள்ளிவிட்டதை, அவள்தான் எடுத்துக் கொடுத்தாளாம். நான் ரசத்தில் உப்பு போட்டேனா இல்லையா என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவ்வளவு தூரம் அந்தக் கண்ணைப் பற்றிய பேச்சு.

போதாததற்கு, அவளுடைய ரவிக்கைத் துணியையும் அளவு ரவிக்கையையும் ஒரு பையில் போட்டு, தைத்துத் தரச் சொல்லி என்னிடமே கொண்டுவந்தார். அளவெடுத்துப் பார்த்தேன். இடுப்பு என்னுடையதைவிட நான்கு அங்குலம் கம்மி. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டதில்லை; முகத்தில் காட்டிக்கொண்டதில்லை. அவள் பேச்சு வந்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவேன், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவரும் அவள் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவருக்கு வார விடுமுறையாக இருந்த ஒரு நாள், சலூனுக்குப் போயிருந்தார். வாசலில் கீரைக்காரம்மா வந்தார். சில்லறை இல்லாமல், ஆணியில் தொங்கிய அவர் சட்டையில் கை விட்டேன். டவுன் பஸ் பாஸ் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறை கையில் வந்தது. பாஸுக்குப் பின்னால் ஓர் ஐந்து ரூபாய் நோட்டு. டிராக்டர் ஓட்டுகிற படம் போட்டது. மடிப்பில்லை, பின் ஓட்டை இல்லை, புத்தம் புதிது. எண்ணைப் பார்த்தேன். பதினேழு, மூன்று, அறுபத்தைந்து.

அவர் கையால் எடுத்த நோட்டு எதுவாக இருந்தாலும் அன்று ராத்திரியே ஆல்பத்துக்குப் போய்விடும். இது மட்டும் ஆல்பத்துக்குப் போகாமல் தினமும் அவர் நெஞ்சோடு காந்திபுரம் போய் வந்துகொண்டிருக்கிறது. அறுபத்தைந்து, மார்ச். யாரோ ஒருத்தி, என்னைவிட ஒன்பது மாதம் இளையவள். யார் என்று யோசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. கீரைக்காரம்மாவிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அவளுடைய ரவிக்கை தைத்து முடித்து மிஷின் மேல் இருந்தது. அதை மடித்துத் தாளில் சுற்றினேன். நோட்டை என் பர்ஸில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க என்ன பேச வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இது உன்னுடையது, நீயே வைத்துக்கொள், ஆளையும் சேர்த்து வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிட வேண்டும். பையனைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சியில் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். காந்திபுரத்தில் இறங்கும்போது, எந்தெந்தப் பாத்திரம் என்னுடைய சீர் என்பதுவரை யோசித்து முடித்திருந்தேன்.

மாடியில் கூட்டம் இல்லை. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்று, வாங்கக்கா என்றாள். நான் நினைத்த அளவுக்கு அழகில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ரவிக்கைப் பொட்டலத்தைக் கல்லா மேல் வைத்து, அதன் மேல் நோட்டையும் வைத்தேன்.

"இதையும் எடுத்துக்குங்க. எங்க ஊட்டுக்காரர் சட்டை ஜோப்புல இருந்துச்சு."

அவள் எண்ணைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள்.

"இது எனக்கெதுக்குங்கக்கா? உங்க பொறந்த நாளாச்சுங்களே."

"என்ர பொறந்த நாள் ஜூன் ஒண்ணு."

"அது வாத்தியார் போட்டதுங்க. அண்ணன் உங்க ஜாதகத்தைக் கொண்டுபோயி, ஜோசியர்கிட்ட இங்கிலீசு தேதி கணக்குப் போட்டு வாங்கியாந்தாருங்க. இந்த நம்பர் வந்தா உட்றாதீங்கன்னு எங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருந்தாருங்க. போன மாசம் என்ர கல்லாவுலதான் உளுந்துச்சு. உங்க கல்யாண நாளைக்குக் குடுக்கோணும்னு வெச்சிருக்கறாரு. நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க."

வாத்தியார் போட்டதுதான். எங்கள் ஊரில் என்னோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான் பிறந்த நாள். வயது பத்தாமல் இருந்தால் வாத்தியாரே கூட்டிப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். அம்மாவைக் கேட்டால் கிணறு வெட்டிய வருஷம் பிறந்தாய் என்பார். நட்சத்திரம் தெரியும், கோயிலில் அர்ச்சனைக்கு அது போதும். ஜாதகத்தில் தமிழ் மாதமும் தேதியும் இருந்தன. அதை நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. வீடு கட்ட நேரம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவர் ஒரு நாள் இரண்டு ஜாதகங்களையும் எடுத்துப் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஜூன் ஒன்று எண்ணில் முன்பே ஒரு நோட்டு வந்ததாம். அது உண்மையான நாள் இல்லை, வேண்டாம் என்று அவர் திருப்பிக் கல்லாவிலேயே போட்டுவிட்டாராம். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் கடைப் பையனிடம் எனக்கு ஒரு டீ வாங்கிவரச் சொன்னாள். குடித்தேன். ரவிக்கைக்குக் கூலி வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை, என் கையில் திணித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கவுண்டம்பாளையம் வருகிறவரை சந்தோஷமாகத்தான் இருந்தேன். என்னைக் கட்டியவர் என்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார், நான் வேறு ஒன்பது மாதம் இளையவளாகிவிட்டேன். அதற்குப் பிறகுதான் மனசு குறுக்கே இழுத்தது. நான் என்றைக்குப் பிறந்தேன் என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கடையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த நோட்டை எடுத்ததும் அவள் கண்தான். இத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் கண்ணில் ஒரு தடவை பட்டிருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்தபோது அவர் முடி வெட்டிக் குளித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

கல்யாண நாளன்று காலையில், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். ஜாதகக் கதையை முதலிலிருந்து சொன்னார். எனக்கு எதுவுமே தெரியாததுபோல வாயைப் பிளந்து கேட்டேன். நன்றாகத்தான் நடித்திருப்பேன். கடைசியில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏனுங்க, இது யார் கண்ணுல பட்டுச்சு?"

அவர் டம்ளரை எடுத்தார். அதில் காபி இல்லை.

"எங் கண்ணுலதான் அம்மணி. வேற யார் கண்ணுல படும்?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். காது சிவந்துவிட்டது. நோட்டை விளக்கு மாடத்தில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். குழாயைத் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் பேச்சு வரும்போதெல்லாம் நான் ஏன் பாத்திரம் கழுவ எழுந்து போகிறேன் என்பது தெரிந்துதான் அவர் அந்தப் பேச்சையே விட்டிருக்கிறார், இந்தப் பொய்யையும் சொல்லியிருக்கிறார்.